கடல்மீன் தொட்டிக்கான மீன் தேர்வு

கடல்மீன் தொட்டிக்கான மீன் தேர்வு என்பது, ஒன்றையொன்று தாக்காமலும் உண்ணாமலும் ஒரே தொட்டியில் வாழக்கூடிய கடல்மீன் இனங்களைத் தெரிவு செய்வதாகும். பவளப்பாறைகளில் துரத்தப்படும் மீன் தப்பிச் செல்ல இடமுண்டு. வீட்டுத் தொட்டியில் அவ்வாறு இல்லாததால், பொருந்தாத தேர்வு பெரும்பாலும் மீனின் இறப்பில் முடிகிறது.

கவனிக்க வேண்டியவை

வாயளவு: சிங்கமீன் தன் வாய்க்குள் அடங்கும் மீன்களை விழுங்கிவிடும். எனவே அதனுடன் சிறு மீன்களை வளர்த்தல் கூடாது.

இட உரிமை: டாம்செல் மீன்கள் சிறியவை எனினும், தாம் பிடித்த இடத்திலிருந்து பிற மீன்களைத் துரத்தும். ஆகவே சாதுவான மீன்களை முதலிலும் இவற்றை இறுதியிலும் விடுதல் நன்று.

பால் மாற்றம்: கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்தில் ஆதிக்கம் செலுத்தும் பெரிய மீன் பெண்ணாக மாறுகிறது. எனவே அளவில் வேறுபட்ட இரு இளம் மீன்கள் இணையாக அமையும் வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டில்

மன்னார் வளைகுடாவில் காணப்படும் கடற்குதிரைகளும் பாறை உருவாக்கும் பவளங்களும் 2001 ஆம் ஆண்டில், 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். மாறாக, கோமாளி மீன்களை வளர்ப்பிடத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் உருவாக்கியுள்ளது. இவ்வாறு பிறந்த மீன்கள் தொட்டிக்கும் உலர் தீவனத்திற்கும் பழகியவை. அவற்றைத் தேர்ந்தெடுப்பதால் பவளப்பாறைகளில் மீன் பிடிக்கும் தேவையும் குறைகிறது.