வீட்டினுள் சிறு பசுமை

தறிக்குழியும் நூற்சிட்டமும் இடங்கொண்ட வீட்டில் செடிக்கு இடமேது என அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். சாளரத்தின் ஓரம் ஒரு முழ இடமே போதும். ஆயின், பழக்கமில்லாதவர் வளர்க்கும் தொட்டிச் செடி பெரும்பாலும் வறட்சியால் மடிவதில்லை. நாள்தோறும் ஊற்றும் நீரால் வேர் அழுகியே மடிகிறது. இதனை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தொடங்குவோர்க்கு நான்கு செடிகளைச் சொல்வோம்.

முதலாவது மருள். இதன் இலை நாரைத் திரித்து முற்காலத்தில் வில்லுக்கு நாண் செய்தனர். ஆதலின் நூல் தொழிலார்க்கு இஃது உறவு போன்றது. சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் படங்களுடன் விளக்கும் நூலை 1795 முதல் பகுதி பகுதியாக அளித்த ராக்ஸ்பரோவின் பெயர், இதன் தாவரவியற் பெயரில் நிலைத்துள்ளது. மங்கிய ஒளியிலும் மருள் வாழும்; பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நீர் போதும்.

இரண்டாவது சோற்றுக் கற்றாழை. இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மூன்றாவது ஓமவல்லி, கிளையை ஒடித்து நட்டாலே வேர்விடும், இளவெயில் விரும்பும். நான்காவது மணிபிளாண்ட், கொடியின் கணுவொன்று இருந்தால் குப்பி நீரிலும் தழைக்கும். எனினும் இதன் இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரியும். குழந்தைகட்கு எட்டா உயரத்தில் வைத்தல் நன்று.

அடியில் துளையுள்ள மண் தொட்டியே சிறந்தது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புக. கடற்கரை மணல் உப்புடையது. அதனைச் சேர்த்தல் ஆகாது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விடுக.

மாமல்லபுரக் கரையோரத்தில் உவர்நீர் ஊறும் கிணறுகள் உண்டு. அந்நீரை ஊற்றிவரின் தொட்டி விளிம்பில் வெண்மையாக உப்புப் பூக்கும். இலை நுனி கருகும். தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு இங்கும் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை வெளியே நனையவிட்டால் உப்புக் கரைந்து வெளியேறும்.

இன்னொன்றை வற்புறுத்துவோம். தொட்டியின் கீழ்த் தட்டிலும் மணிபிளாண்ட் குப்பியிலும் தேங்கும் நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். முட்டைகள் ஈரமின்றியும் பல மாதங்கள் பிழைத்திருக்கும். ஆதலின் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுக. நெய்பவர் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் தறியும் நின்றுவிடும் அன்றோ? பாவின் மீது நீர் சொட்டும் இடத்திலும் தொட்டியைத் தொங்கவிடல் வேண்டா.

இந்நான்கும் விலைகொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. ஒருவர் வீட்டுக் கிளையும் பக்கக்கன்றும் பத்து வீடுகட்குப் போதும். அடுத்த சங்கக் கூட்டத்திற்கு வருவோர் ஆளுக்கொரு கன்று கொணர்ந்து மாற்றிக்கொள்வாராக.