போகிக்கு எரிக்காதீங்க, எடுத்துப் போட்டுக்கோங்க!

பொங்கல் லீவுக்குப் பெட்டி கட்டியாச்சா நண்பர்களே? தை நெருங்கினால் செங்கல்பட்டு கடைத்தெருவிலும் மாமல்லபுரம் சாலையோரத்திலும் பனங்கிழங்குக் கட்டுகள் வந்துவிடும். பனம்பழம் தின்றபின் மிஞ்சும் கொட்டையை நம் ஊரில் மண்ணைக் குவித்துப் புதைத்து வைப்பார்கள். முளை முதலில் கீழ்நோக்கி இறங்கி மாவுச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். சில மாதம் கழித்துத் தோண்டினால் அதுதான் கிழங்கு.

சமைப்பது ஈஸி. தோலை உரித்துக் கழுவி, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு நன்றாக வேகவிடுங்க. வெந்ததும் இரண்டாகப் பிளந்து, நடுத்தண்டையும் நாரையும் எடுத்துவிட்டு, மிளகுத்தூள் தூவிச் சாப்பிடலாம்.

கொட்டையைக்கூட வீணாக்காத நாம், போகியன்று பழைய துணியை மட்டும் ஏன் கொளுத்துகிறோம்? பாலியஸ்டரும் தண்ணீர் பாட்டிலும் ஒரே 'பெட்' பிளாஸ்டிக்தான். சட்டையை எரிப்பது பாட்டிலை எரிப்பதுபோல. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் போனது.

அதனால் பீரோவைத் திறங்க. தாத்தாவோட பருத்திச் சட்டை, அப்பாவோட பழைய ஜீன்ஸ் எல்லாம் போட்டுப் பாருங்க. தோள் அளவு சரியாக இருந்தால் போதும். இடுப்பையும் கை நீளத்தையும் தெருமுனை டெய்லர் பிடித்துத் தருவார். துவைத்து வெயிலில் போட்டால் பீரோ வாடை போய்விடும். காலர் நைந்திருந்தால் பை தைக்கலாம்.

லீவு முடிந்து வரும்போது தாத்தா சட்டையில வாங்க, கூடவே ஒரு கட்டு கிழங்கும் எடுத்துட்டு வாங்க!