புளியமரத்தோடு நிற்கக் கூடாது மருத்துவம்

நம் மாவட்டத்துக் காலனி ஒன்றின் கடைசி வீடு. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார் எழுபது வயதைக் கடந்த ஆயா. நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்த கால்கள். மகனும் மருமகளும் திருப்பூர் பனியன் கம்பெனியில். துணைக்குக் கல்லூரியில் படிக்கும் பேத்தி மட்டும்தான்.

சென்ற ஆண்டு அவர் காலில் முள் குத்தியது. சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம் என்பதால் வலி தெரியவில்லை. நான்காம் நாள் வீங்கிக் கருத்த பிறகுதான் பேத்தி கவனித்தாள். மாலைவரை பஸ் இல்லை. அரசின் இ-சஞ்சீவனி சேவையில் செல்போன் எண்ணைப் பதிவு செய்து காத்திருந்தாள். திரையில் வந்த மருத்துவர் பாதத்தைக் கேமராவில் காட்டச் சொன்னார். பார்த்ததும், “மாத்திரைல தீராதும்மா, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார். 108 வந்தது. ஒரு விரல் போனது, கால் தப்பியது.

“போன்ல பாத்த டாக்டரு, நீங்க எந்தத் தெருன்னு கேக்கல” என்றார் ஆயா நம்மிடம்.

அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை, ஊர்த்தெருவில் வாசல்வரை போய் பி.பி. பார்த்த பணியாளர், காலனிக்கு வந்தால் முகப்பிலுள்ள புளியமரத்தடியில் நின்றுவிடுவாராம். “எல்லாரையும் இங்கயே வரச் சொல்லு” என்பாராம். நடக்க முடிந்தவர்கள் போனார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகள், இயன்முறை சிகிச்சை, படுக்கையில் இருப்போருக்கான வலி தணிப்புச் சிகிச்சை ஆகியவை வீட்டுக்கே வர வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆயாவின் காலனிக்கு இப்போது வருபவர் அதே காலனியின் மகளிர் குழுப் பெண். கடைசி வீடுவரை போகிறார். மகிழ்ச்சிதான். ஆனால், நம் ஆளே வந்தால்தான் நம் வாசலுக்கு வருவார் என்பது தீர்வாகாது. யார் பணிக்கு வந்தாலும் வர வேண்டும்.

செல்போன் தூரத்தைக் குறைக்கும். ஆனால் பி.பி. பட்டையைக் கையில் கட்டவும், விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும் ஒருவர் தொட்டாக வேண்டும். அங்கேதான் சாதி குறுக்கே நிற்கிறது. தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதையும், அனுமதித்த பின் பாகுபாடு காட்டுவதையும் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. மரத்தடியோடு நின்றுவிடும் மருத்துவமும் அதே தீண்டாமையின் இன்னொரு முகம்தான்.

அண்ணல் அம்பேத்கரும் சர்க்கரை நோயால் வாடியவர். கால்வலியும் கண்பார்வைக் குறைவும் அவரை வாட்டின. 1948-இல் அவரை மணந்த சவிதா ஒரு மருத்துவர். கடைசிவரை வீட்டிலேயே கவனித்துக்கொண்டார். அந்தக் கவனிப்போடுதான், 1956 டிசம்பர் 6-இல் மறையும்வரை அண்ணல் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் கிடைக்கும் மருத்துவத்தின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

படித்த பேத்தி இல்லாத வீடுகள் நம் காலனிகளில் நிறைய உண்டு. பட்டன் போன்கூட இல்லாத முதியவர்கள் உண்டு. மாணவர்களே, அந்த வீடுகளுக்கு நீங்கள்தான் பேரப்பிள்ளைகள். வாரம் ஒருநாள் உங்கள் போனோடு போய் உட்காருங்கள். இ-சஞ்சீவனியில் பதிவு செய்து கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களின் பாதங்களை உள்ளங்கால்வரை பாருங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பணியாளர் மரத்தடியோடு திரும்பினால் தேதி, நேரத்தோடு குறித்து வட்டார மருத்துவ அலுவலரிடம் மனு கொடுங்கள். சாதிப் பாகுபாடு என்றால் 14566-இல் புகார் செய்யுங்கள்.

நாம் கேட்பது சலுகை அல்ல. ஊர்த்தெருவில் வாசல்வரை போகும் மருத்துவம், நம் கடைசி வீட்டு வாசலுக்கும் வர வேண்டும்.