கட்டை முகம் பார்க்காது

வைகுண்ட ஏகாதசி இரவில் எங்கள் ஓமலூர் வீட்டுத் திண்ணையில் யாரும் தூங்குவதில்லை. சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டுவிடுவோம். புளியங்கொட்டை, சோழி, வளையல் துண்டு, மக்காச்சோள மணி என்று ஆளுக்கொரு வகைக் காய். டப்பாவிலிருந்து பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து ஆயா உருட்டும்போது எழும் அந்தக் கணகண ஓசையைக் கேட்டாலே தூக்கம் கலைந்துவிடும்.

இந்த முறை எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகனுக்கு, காய் இறக்கத் தேவையான தாயம் வெகுநேரம் விழவில்லை. மற்றவர்கள் காய் இறக்கி, வெட்டி, பழமேற்றிக்கொண்டிருக்க, அவனுடைய நான்கு புளியங்கொட்டைகளும் கட்டத்துக்கு வெளியிலேயே கிடந்தன.

“ஏன் ஆயா, இந்தக் கட்டைக்கு என்னப் புடிக்கலையா? போன்ல ஆடுனா எனக்குச் சீக்கிரமே விழுதே!”

“கட்டை யாரு முகத்தையும் பாக்காது சாமி. நல்லா உருட்டிப் போடு.”

ஆயா சொன்ன அந்த ஒரு வரியில் நிகழ்தகவுக் கணிதத்தின் அடிப்படையே அடங்கியிருக்கிறது. கைப்பேசி விளையாட்டில் முளைக்கும் அதிர்ஷ்டம் வேறு வகையானது என்பதையும் அந்த வரியிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

16 வழிகள்

தாயக்கட்டை நீண்ட நாற்பட்டைத் துண்டு. நுனியில் நிற்காது என்பதால் நான்கு பக்கங்களில் ஒன்றுதான் மேலே வரும். ஒரு பக்கம் வெறுமை. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளைச் சேர்த்துப் போட்டால் 4 × 4, அதாவது 16 வழிகளில் விழலாம்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று விழ 4 வழிகள் உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3 வழிகள். தாயம் எனப்படும் ஒன்றுக்கும், ஐந்துக்கும் தலா 2 வழிகள். இரண்டு கட்டையும் மும்மூன்று புள்ளி காட்டும் ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழவும் ஒரே வழிதான்; அதைத்தான் பன்னிரண்டு என்று எண்ணுகிறோம்.

எங்கள் பக்கத்து விதிப்படி ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவர் இன்னொரு முறை போடலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டை கைமாறும். கைமாறும் மூன்று எண்களும் 16-இல் 10 வழிகளைப் பிடித்துக்கொள்கின்றன. மறுவாய்ப்புத் தரும் நான்கு எண்களுக்கு மிஞ்சுவது 6 வழிகள். எவை அரிதாக விழுமோ, அவற்றுக்கு மட்டுமே பரிசு! காகிதத்தில் கணக்குப் போடாமல், திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடியே யாரோ இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். இரண்டு கட்டையும் ஒன்றுமில்லாமல் விழுவதையே ஆட்டத்தின் மிகப்பெரிய எண்ணாக மாற்றினார்களே, அது விளையாட்டு வடிவமைப்பில் ஓர் உச்சம் என்றே சொல்வேன்.

இன்னும் ஒரு வியப்பு இருக்கிறது. ஒரு வீச்சில் தாயம் விழும் வாய்ப்பு 16-இல் 2, அதாவது எட்டில் ஒன்று. ஆனால் ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம் அல்லவா? அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. இதையும் சேர்த்தால், தன் முறை வரும்போது ஒருவர் தாயம் போடும் வாய்ப்பு சரியாக ஆறில் ஒன்று. லூடோவில் காய் இறக்கக் கனசதுரப் பகடையில் ஆறு விழ வேண்டும். அதன் வாய்ப்பும் ஆறில் ஒன்றுதான். நம் நாட்டுப் பச்சீசியிலிருந்து பிறந்து 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம் லூடோ. வடிவம் மாறிய பகடைகள் இரண்டும் ஒரே விடையில் வந்து நிற்கின்றன.

அப்படியானால் அக்கா மகனுக்கு ஏன் விழவில்லை? ஆறு சுற்று ஆடியும் தாயம் விழாமல் இருக்க நூற்றுக்கு 33 வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு சுற்று காத்திருக்கவும் நூற்றுக்கு 11 வாய்ப்பு உண்டு. பத்துப் பேர் ஆடினால் சராசரியாக ஒருவருக்கு இது நேரும். அவனுக்கு நடந்தது அநீதி அல்ல, கணக்கு.

நினைவில்லாத பித்தளை

“இத்தனை நேரம் விழலை, அடுத்தது விழுந்தே ஆகணும்” என்று எல்லோரும் சொல்கிறோம். கட்டைக்குப் போன வீச்சு நினைவில் இல்லை. 1913-இல் மொனாக்கோவின் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில், சுழல் சக்கரத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. “இனி சிவப்புத்தான்” என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் அந்த இரவில் பெருந்தொகையை இழந்தார்கள். சூதாடியின் பிழை என்று இதற்குப் பெயர்.

மனிதருக்குப் பகடை மீதுள்ள ஈர்ப்பு மிகப் பழையது. மொகஞ்சதாரோவில் பகடைகள் கிடைத்துள்ளன. கீழடியில் 2022-இல் நடந்த எட்டாம் கட்ட அகழாய்வில் தந்தத்தாலான செவ்வகப் பகடை கிடைத்தது. நம் தாயக்கட்டைக்கு உறவு சொல்லும் வடிவம். அத்தனை காலமும் பகடை எல்லோர் கண் முன்னாலும் தரையில்தான் விழுந்தது. விழுந்த பிறகு அதை யாரும் மறைவாகத் திருத்த முடியவில்லை.

கணினி போடும் தாயம்

கணினிக்கு உள்ளங்கை இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வது மட்டுமே அதற்குத் தெரியும். அப்படியானால் அது எப்படித் தாயம் போடும்?

அமெரிக்கக் கணிதவியலாளர் டெரிக் லேமர் 1951-இல் வெளியிட்ட வழி எளிமையானது: ஓர் எண்ணைப் பெருக்கு, வகு, மீதியை எடு. அதில் கூட்டலையும் சேர்த்துச் சிறு அளவில் நாமே செய்து பார்க்கலாம். 7-இல் தொடங்குங்கள். ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, 16-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள். 7 × 5 + 3 = 38; மீதி 6. அடுத்து 6 × 5 + 3 = 33; மீதி 1. இப்படியே 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று போய் மறுபடி 7-க்கே வந்து சேரும். பார்ப்பதற்குத் தாறுமாறாக இருக்கிறது. ஆனால் 7-இல் தொடங்கினால் இதே வரிசைதான் எப்போதும் வரும். தொடங்கும் எண்ணை ‘விதை’ என்கிறார்கள். மெய்யான விளையாட்டுகளில் எண்கள் மிகப் பெரியவை, வரிசை மிக நீளமானது, அடிப்படை இதுதான்.

விதையின் அருமை 1984-இல் வெளிவந்த ‘எலைட்’ விளையாட்டில் தெரிந்தது. டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரு இளைஞர்கள், வெறும் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியில் 8 விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 கோள் அமைப்புகளோடு, அடக்கினார்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. தேவைப்படும்போது விதையிலிருந்து முளைக்க வைத்தார்கள். இன்று பிள்ளைகள் ஆடும் ‘மைன்கிராஃப்ட்’ உலகமும் அப்படித்தான் முளைக்கிறது. ஒரே பதிப்பில் ஒரே விதையைக் கொடுத்தால் ஓமலூரிலும் டொரண்டோவிலும் ஒரே மலை, ஒரே ஆறு.

ஆனால் விதை தெரிந்தவருக்கு அடுத்த எண்ணும் தெரிந்துவிடும். இணையப் பாதுகாப்புக்கு இது ஆகாது. அதனால் சான் பிரான்சிஸ்கோவில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் அலுவலகச் சுவரில் சுமார் 100 ‘லாவா’ விளக்குகளை, அதாவது கண்ணாடிக்குள் மெழுகு மிதக்கும் விளக்குகளை, அடுக்கி வைத்திருக்கிறது. சூட்டில் மெழுகு எழும்பி, நெளிந்து, இறங்குவதைக் கேமரா படம் பிடிக்கிறது. அந்தப் படங்களின் எண்கள் விதைகளாகச் சேர்க்கப்படுகின்றன. ஆயா கட்டையை உருட்டுவதும் இதே வேலைதான். உள்ளங்கையில் ஒரு மயிரிழை மாறினாலும் தரையில் விழும் பக்கம் மாறிவிடக்கூடும்.

முகம் பார்க்கும் நிரல்

உண்மையான தற்செயல் மனிதருக்குப் பிடிப்பதில்லை. விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தில் ஏழு வடிவங்கள் விழும். 1989-இல் நின்டெண்டோ வெளியிட்ட பதிப்பில், ஆடுபவர் ஏங்கும் நீளக் குச்சி பல நேரம் வராமலே போகும். பின்னாளில் ஏழு வடிவங்களையும் பைக்குள் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்த்த பிறகே மறுபடி குலுக்கும் முறை வந்தது. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவே அதிகம் போனால் 12 வடிவங்கள்தான் வர முடியும்.

ஜப்பானின் ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசையில், 2002-இல் வந்த விளையாட்டிலிருந்து பல பதிப்புகளில், நம் வீரனின் அடி விழும் வாய்ப்பு 90 விழுக்காடு என்று திரை காட்டும். உள்ளே இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்ப்பதால் உண்மையான வாய்ப்பு 98. நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் ‘நிச்சயம்’ என்றே நம் மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த மனத்துக்கு ஏற்ப நிரலை வளைத்திருக்கிறார்கள். ‘டோட்டா 2’ விளையாட்டில் 25 விழுக்காடு என்று சொல்லப்படும் பல தாக்குதல்கள் முதல் முறை ஏறக்குறைய 8.5 விழுக்காட்டில் தொடங்குகின்றன. தவறும் ஒவ்வொரு முறையும் வாய்ப்பு கூடுகிறது. அடி விழுந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

நான் கவலைப்படுவது இங்கேதான். “இத்தனை நேரம் விழலை, அடுத்தது விழும்” என்பது கட்டையின் உலகில் பிழை. இத்தகைய நிரலின் உலகில் அது உண்மை! சூதாடியின் பிழையை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே பழகும் பிள்ளைக்கு, அதிர்ஷ்டம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் ஊறிவிடும்.

பணம் நுழைந்தால் இது இன்னும் கூர்மையாகும். 2020-இல் வெளிவந்த சீன விளையாட்டு ‘கென்ஷின் இம்பாக்ட்’-இல், பணம் கொடுத்தும் ஆடக்கூடிய குலுக்கலை ஒரு முறை இழுத்தால், அரிய ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. 90 முறைக்குள் ஐந்து நட்சத்திரம் ஒன்று நிச்சயம் என்ற உறுதியும் உண்டு. வெறும் 0.6 விழுக்காட்டை மட்டும் நம்பியிருந்தால் 90 முறையில் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 42தான். ஆகவே அந்த உறுதி ஒரு கருணைதான். ஆனால் 75 முறை இழுத்தவனிடம் “இன்னும் 15தான்” என்று சொல்வதும் அதே கருணை. அவன் எப்படி நிறுத்துவான்? எது கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகளில் சிலவற்றைப் பெல்ஜியம் 2018-இலேயே சூதாட்டம் என்று அறிவித்தது. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் ஒரு வேலி. வேலிக்கு உள்ளே நிற்கும் பிள்ளைக்குக் கணக்கும் தெரிய வேண்டும்.

கைப்பேசி விளையாட்டை வெறுக்கச் சொல்லவில்லை. 32 கிலோபைட்டில் அண்டத்தை முளைக்க வைத்த அறிவு எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது. பிள்ளைகள் அந்த அறிவின் பக்கம் வர வேண்டும். அதற்குத் தாயக்கட்டை நல்ல பள்ளிக்கூடம். விடுமுறை நாளில் கட்டைகளை 160 முறை போடச் சொல்லுங்கள். விழுந்ததை நோட்டில் கோடு போட்டுக் குறிக்கட்டும். தாயம் ஏறக்குறைய 20 முறை விழ வேண்டும். 15 வந்தாலும் 25 வந்தாலும் இயல்புதான். 5 மட்டுமே வந்தால் கட்டையின் பட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தரையில் செய்யலாம்; கைப்பேசிக்குள் எட்டிப் பார்த்து, அங்கே தாயம் போட்டது யார் என்று கேட்க வழியில்லை.

அன்றிரவு விடிவதற்குச் சற்று முன்பு அக்கா மகன் கட்டைகளை மறுபடி உருட்டினான். அவை தரையில் தட்டி, உருண்டு, கட்டத்தின் நடுவே நின்றன. விளக்கின் கீழ் ஐந்து தலைகள் ஒன்றாகக் குனிந்தன. ஒன்றில் ஒரு புள்ளி, மற்றது வெறுமை. யாரும் அவனுக்காக அதைப் போட்டுத் தரவில்லை என்பது அங்கே குனிந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.