பற்றுக்காடி அமைந்த தச்சுமேசை

ஆரணி நகரமும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் நெல்லுக்கும் பட்டுக்கும் பேர்பெற்றவை. கமண்டல நாகநதியை அடுத்த நிலங்களில் நெல் விளைவது ஒருபுறமிருக்க, ஆரணியிலும் சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் பட்டுத் தறிகள் இயங்கி வருகின்றன. இவ்விரு தொழில்களுக்கும் பொதுவாக வேண்டப்படுபவர் தச்சர். டிராக்டர் வந்த பின்பு ஏர்க்காலும் நுகமும் செய்யும் வேலை பெரிதும் குறைந்துவிட்டது உண்மையே. ஆயினும் மண்வெட்டிப் பிடி, வண்டிச் சட்டம், கதவு, நெற்பெட்டி ஆகியவற்றைச் செப்பனிடும் தேவை குடியானவர்களை விட்டு நீங்கவில்லை. கைத்தறி உள்ளவரையில் தறிமரங்களைச் செப்பனிடும் தேவையும் இருந்தே தீரும்.

இவற்றுள் தறிவேலைக்கு வேண்டிய நுட்பம் பிறவற்றிற்கு வேண்டுவதில்லை. நெய்த துணியைச் சுற்றும் படமரத்தை எடுத்துக்கொள்வோம். சேலையின் அகலம் ஏறக்குறைய 4 அடியாதலால் மரம் 5 அடி நீளமேனும் இருத்தல் வேண்டும். அம்மரம் ஒரு முனையில் மறுமுனையைவிட 1 நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தடித்திருப்பதாகக் கொள்வோம். பார்வைக்கு அது குற்றமாகவே தோன்றாது. ஆனால் உருண்டை மரமாயின் தடித்த முனையின் சுற்றளவு 3 நூலுக்குச் சற்று மிகும். சதுர மரமாயின் 4 நூல் மிகும். பத்துச் சுற்றுச் சுற்றும்போது ஒரு பக்கத்துப் பாவு மறுபக்கத்தைவிட ஏறத்தாழ 4 அங்குலமோ 5 அங்குலமோ மிகுதியாக இழுக்கப்பட வேண்டியதாகிறது. 4 அங்குலக் கனமுள்ள மரத்தில் பத்துச் சுற்று என்பது ஒரு சேலையின் பாதியளவே. ஒரு கரை விறைத்தும் மறுகரை தளர்ந்தும் நிற்க, இழை அறுவதும் துணி கோணுவதும் அதன் பயன். நெய்பவருக்குக் கூலி சேலைக் கணக்கிலாதலால் தறி நின்ற நாளின் நஷ்டம் அவரையே சாரும். ஆகவே 1 நூல் குற்றமும் தச்சர் பட்டறையிலேயே நீக்கப்பட வேண்டும்.

இந்நுட்பத்திற்குக் கூரிய உளியும் இழைப்புளியும் மட்டும் போதா. அறுக்கப்படும் மரம் அசையாமல் நிற்றல் அவற்றினும் முக்கியம். நம் நாட்டுத் தச்சர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் மிதித்தும் பாத விரல்களால் பற்றியும் வேலை செய்து வந்துள்ளனர். அவ்வாறே அரிய வேலைப்பாடுகள் பலவும் செய்யப்பட்டன என்பதை மறுக்க இயலாது. காலும் ஒரு கருவியாகப் பயின்ற தொழிலாளரின் திறமை அது. ஆயினும் 5 அடி மரத்தின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்புகிறது. உளி வழுக்கினால் பாதத்து நரம்பு அறுபடும் ஆபத்தும் எப்போதும் உண்டு. இக்காலத்தில் அவ்வாபத்து பன்மடங்காயிற்று. மின்சார இழைப்புளியும், மார்பிள் கட்டர் எனப்படும் கல்லறுக்கும் கைப்பொறியில் மரம் அறுக்கும் வட்டத் தகட்டைப் பூட்டி உபயோகிக்கும் வழக்கமும் கிராமங்களில் பரவிவிட்டன. தகடு மரத்தில் சிக்கிப் பொறி பின்னோக்கி உதைக்கும்போது, மரத்தை மிதித்த கால் அதன் பாதையிலேயே இருக்கிறது. கைப்பொறி வாங்கப் பணம் செலவிடுவோர் மரத்தைப் பற்றும் மேசைக்குச் செலவிட மனமில்லாதிருப்பது விந்தையே.

தச்சுமேசை மிகப் பழைய சாதனம். ஜெர்மனியில் ஸால்பர்க் என்னும் உரோமக் கோட்டையில் கண்டெடுக்கப்பட்ட மேசை முழங்கால் உயரமே உள்ளது. பிரான்சு தேசத்துத் தச்சர் ஆந்த்ரே ஜாக்கோப் ரூபோ 1769 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தச்சு நூலில், தடித்த ஒற்றைப் பலகையும் அதில் துளைகளும் துளையில் அறைந்து இறுக்கும் இரும்புக் கொக்கியும் கொண்ட மேசை விவரிக்கப்பட்டுள்ளது. துளை மேசையில் ஒரு குறை உண்டு: துளை இருக்குமிடத்திலேதான் பற்ற முடியும். இரும்பு வேலை செய்யும் இயந்திரங்களின் மேசையில், ஆங்கில டி எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற நீண்ட காடிகள் உள்ளன. காடியின் உள்ளே போல்ட்டின் தலை நகரும், ஆனால் மேலே எழும்பி வாராது. வேண்டிய இடத்திற்கு நகர்த்தி மரையை இறுக்கினால் அங்கேயே பிடி கிடைக்கும். இம்முறையையே மரமேசைக்கும் கொள்ளலாம். இத்தகைய காடியை இங்குப் பற்றுக்காடி எனக் குறிப்போம்.

மேசைக்கு வேண்டிய மரம் பெரும்பாலும் குடியானவரின் வரப்பிலும் தோப்பிலுமே உள்ளது. பலகைக்கு வேம்பு, வாகை, பூவரசு ஆகியவை ஏற்றவை. மாமரம் மலிவாயினும் வண்டு எளிதில் துளைக்குமாதலால் அதனை விலக்குவது நலம். கால்களுக்குக் கருவேல் சிறந்தது. ஆப்பு, கவ்வுகட்டை முதலிய சிறு உறுப்புகளுக்கு, 1877-ஆம் ஆண்டளவில் இந்தியாவுக்குக் கொணரப்பட்டு இன்று ஏரியையும் தரிசையும் மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலை உபயோகிக்கலாம். அது கோணலாக வளர்வதால் நீண்ட பலகை கிடைப்பதில்லை. ஆனால் கடினமானது, காய்ந்தபின் சுருங்குவதும் மிகக் குறைவு. விறகுக்கன்றி வேறெதற்கும் உதவாதென்று கருதப்படும் மரத்துக்கு இது ஒரு நல்ல உபயோகம். ஏரிக்கரை, புறம்போக்கு ஆகிய இடங்களில் உள்ள மரங்கள் அரசுக்கு உரியவையாதலால், எம்மரமாயினும் முறைப்படி அனுமதி பெறாமல் வெட்டலாகாது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் எடுத்துரைத்தல் வேண்டும்.

வெட்டிய மரத்தைச் சில வாரம் குளத்தில் ஊறவைக்கும் பழைய வழக்கம் பொருளுள்ளது. சாறு கரைந்துவிடுவதால் பொடிவண்டு அத்தனை விரும்பாது. பிறகு பலகையாக அறுத்து, பலகைக்குப் பலகை இடையில் சிறு குச்சிகளை வைத்து, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் அடுக்க வேண்டும். முனைகளில் மெழுகோ வர்ணமோ பூசாவிடில் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும். 3 அங்குலப் பலகை ஒரு கோடையிலேயே காய்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு. ஒரு வருஷத்துக்குக் குறையாமல் காத்திருத்தல் வேண்டும். அவசரமாயின் பழைய வீட்டு உத்தரங்களை வாங்கி அறுத்துக்கொள்வது சிலாக்கியம். அவற்றில் ஆணி மறைந்திருக்குமாதலால் அறுப்பதற்குமுன் நன்கு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேசையின் நீளம் 6 அடி, அகலம் 2 அடி, பலகையின் கனம் 3 அங்குலம். 8 அங்குல அகலமுள்ள மூன்று பலகைகளை நெடுக இணைத்தால் இவ்வளவு கிட்டும். இதற்கு 3 கன அடி மரம் செல்லும். சேதாரத்துக்கு மேலும் 1 கன அடி கூட்டிக்கொள்ளலாம். கால்கள் 4 அங்குலச் சதுரம். குறுக்குச் சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகக் கோத்து முளையடிக்க வேண்டும். உயரம், நின்று வேலை செய்வோர் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நிற்கும் அளவாக, ஏறக்குறைய 32 அங்குலம் இருக்கலாம். தரையில் அமர்ந்தே பழகிய முதிய தச்சரை நின்று இழைக்கச் சொல்வது அவருக்குத் துன்பமும் வேலைக்கு இழிவுமே தரும். அவருக்கு 15 அங்குல உயரத்தில் அதே மேசையை அமைத்துக் கொடுத்தால், பழைய பழக்கமும் கெடாது, காலும் தப்பும்.

மரத்தின் இயல்பு ஒன்றை மறந்தால் இம்மேசை முதல் ஐப்பசி மழையிலேயே கெட்டுவிடும். மரம் நெட்டுவாக்கில் சுருங்குவதும் விரிவதும் கணக்கில் கொள்ளத்தக்கதன்று. குறுக்குவாக்கிலோ, வளையத்தை ஒட்டிய திசையில் மிகுதியாகவும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறக்குறைய அதன் பாதியாகவும் மாறும். 2 அடி அகலப் பலகை சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் இடையே 2 நூலளவுக்கும் மாறக்கூடும். ஆகையால் பலகையைக் கால்சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளில் நடுவில் உள்ளவற்றை மட்டும் இறுக்கமான துளையில் இட்டு, ஓரத்தில் உள்ளவற்றிற்கு நீள்வட்டத் துளை விடவேண்டும். இதே காரணத்தால் பற்றுக்காடிகள் மரத்தின் நெட்டுவாக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடும் காடியில் பதித்த இரும்பு, பலகை விரியவும் சுருங்கவும் இடங்கொடாமல் திருகாணிகளைப் பிடுங்கிவிடும், இல்லையேல் பலகையைப் பிளந்துவிடும். ஒரு காடியின் இரு பக்கத்து இரும்பும் ஒரே பலகையில் இருக்க வேண்டும். இரு பலகைகளின் சேர்க்கையில் காடியை வெட்டினால் மழைக்காலத்தில் அதன் வாய் குறுகிப் போல்ட்டு நகராது.

முன்பலகையின் நடுவில் ஒன்றும் இடைப்பலகையின் நடுவில் ஒன்றுமாக இரண்டு காடிகள் போதும். பின்பலகை கருவிகள் வைப்பதற்கு. முதலில் 2 அங்குலம் 3 நூல் அகலத்தில் 2 நூல் ஆழத்துக்குப் படிவு எடுக்க வேண்டும். அதன் நடுவில் 1 அங்குல அகலத்தில் மேலும் 5 நூல் ஆழத்துக்குக் காடி இறக்க வேண்டும். மொத்த ஆழம் 7 நூலேயாதலால் கீழே 2 அங்குலத்துக்கு மேல் மரம் எஞ்சும், பலகைக்குப் பலவீனமில்லை. 1 அங்குல அகலமும் 2 நூல் கனமும் உள்ள பட்டை இரும்பை இருபுறப் படிவிலும் பதித்தால் இடையே 3 நூல் வாய் நிற்கும். பட்டையின் விளிம்பு காடியின்மேல் இருபுறமும் இரண்டரை நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்விளிம்பே பிடியின் பாரம் முழுவதையும் தாங்குவது. பட்டையை 4 அங்குலத்துக்கு ஒன்றாக, 2 அங்குல நீளத் திருகாணிகளால், தலை அமிழும்படி பூட்ட வேண்டும். காடியின் இரு முனைகளும் மேசையின் ஓரத்தில் திறந்தே இருக்கட்டும். போல்ட்டைச் செருகுவதற்கும் தூளைத் தள்ளுவதற்கும் அதுவே வழி.

கடைகளில் அலுமினியக் காடிகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பெட்டி, படச்சட்டம் போன்ற இலேசான வேலைகளுக்கு அவை அழகானவை. தறிமரத்தை இறுக்கும் வேலைக்கு ஊர்க் கொல்லரிடம் துளையிட்டு வாங்கிய பட்டை இரும்பே தகும்.

இரண்டரை நூல் போல்ட்டை நேரே காடியில் விட்டால் அதன் தலை சிறியதாதலால் விளிம்பைப் பற்றாமல் நழுவும். 7 நூல் அகலமும் ஒன்றரை அங்குல நீளமும் 2 நூல் கனமும் உள்ள இரும்புத் தகட்டின் நடுவில் துளையிட்டு, போல்ட்டைக் கீழிருந்து செலுத்தித் தலையைத் தகட்டோடு பற்றவைத்துவிட வேண்டும். தகடு காடியின் அகலத்தைவிட நீளமாதலால் மரையைத் திருகும்போது போல்ட்டு உடன்சுழலாது. இத்தகைய போல்ட்டுகள் எட்டேனும் இருப்பது சௌகரியம்.

மரத்தை மேலிருந்து அழுத்துவதற்குக் கவ்வுகட்டை வேண்டும். 9 அங்குல நீளக் கட்டையின் ஒருமுனை வேலைமரத்தின் மீதும், மறுமுனை அதே உயரமுள்ள முட்டுக்கட்டையின் மீதும் அமர, இடையே போல்ட்டு ஏறிவரும். போல்ட்டு வேலைமரத்துக்கு 3 அங்குலத்திலும் முட்டுக்கு 6 அங்குலத்திலும் இருந்தால், இறுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலைமரத்துக்குச் செல்லும். இடம் மாறினால் அத்தனையும் முட்டுக்கட்டைக்கே போய்விடும். போல்ட்டை எப்போதும் வேலைமரத்தை அணைத்தே நிறுத்த வேண்டும். முட்டு ஒரு நூல் உயர்ந்திருப்பது நலம். தாழ்ந்திருந்தால் கட்டை வழுக்கும்.

படமரத்தை இழைக்கும்போது மேலே கவ்வுகட்டை இருத்தல் ஆகாது. அப்போது பக்கத்திலிருந்து நெருக்க வேண்டும். 6 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் 2 அங்குல உயரமும் உள்ள தடைக்கட்டைகளை ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட்டாக, மரை உள்ளே அமிழும்படி இரு காடிகளிலும் பூட்டினால், அவற்றின் இடையே 6 அங்குல இடைவெளி நிற்கும். அதில் 4 அங்குலப் படமரத்தைக் கிடத்தி, எஞ்சிய 2 அங்குலத்தில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைச் செருகித் தட்டினால் மரம் கல்லில் பதித்ததுபோல் நிற்கும். ஆப்பின் சரிவு 8 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்ற அளவில் இருக்கட்டும். அதைவிடச் செங்குத்தானது அதிர்ச்சியில் கழன்றுவிடும். இழைப்புளி தள்ளும் திசையின் எல்லையில் மற்றொரு தடைக்கட்டை அவசியம். ஒரு முகம் நேரானபின் அதனைக் கீழாக்கி அடுத்த முகத்தை எடுக்க வேண்டும். முனைக்கு முனை கனத்தை அளந்து பார்த்து, வேறுபாடு அரை நூலுக்கும் குறைந்த பின்பே மரத்தைத் தறிக்கு அனுப்பலாம். மேசைப் பலகையே முறுக்கியிருந்தால் இவ்வேலை யாவும் வீண்; ஆகவே ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் இரண்டு நேர்ச்சட்டங்களை மேசையின் இரு முனைகளிலும் குறுக்கே நிறுத்தி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பார்வையோட்டிச் சரிபார்த்தல் வேண்டும். பார்ப்பதற்குமுன் பட்டை இரும்புகளின் திருகாணிகளையும் ஒருமுறை முடுக்கிவிட வேண்டும்.

இத்தகைய மேசை வீட்டுக்கு ஒன்று வேண்டுவதில்லை. நாலைந்து குடியானவர்கள் ஆளுக்கொரு பலகையும் சட்டமும் கொடுத்து, தச்சரின் கொட்டகையில் ஒன்று அமைத்தால், அறுவடைக்கு முன் அவர்கள் வேலையும் மற்றக் காலத்தில் தறிவேலையும் அதில் நடைபெறும். மண்தரையாயின் கால்களின் கீழே கருங்கல் வைத்து, கறையான் ஏறாதபடி காலடியில் எண்ணெய் பூசி வர வேண்டும். காடியில் சேரும் மரத்தூளை நாள்தோறும் குச்சியால் தள்ளிவிட வேண்டும். ஈரத்தூள் தங்கினால் இரும்பு துருவேறித் தகடு சிக்கும். மாதம் ஒருமுறை மெழுகைக் காடியில் தேய்த்தல் போதும். எண்ணெய் விட்டால் தூள் ஒட்டிக்கொள்வதோடு, மேசையில் கிடத்தும் படமரத்திலும் கறையேறிப் பின்னர் பட்டில் படிந்துவிடும்.