கேட்டது கிடைத்த பிறகும் வந்த மிரட்டல்

இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’ படத்தில் விஜய் சேதுபதி நடிக்கிறார் என்று 2020 அக்டோபரில் அறிவிப்பு வந்ததும் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. ராஜபக்சேக்களை ஆதரித்தவராகப் பார்க்கப்பட்டவரின் வேடத்தைத் தமிழ் நடிகர் ஒருவர் ஏற்பது, ஈழத்தின் காயம் ஆறாதவர்களுக்கு வலித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நடிக்க வேண்டாம் என்று இயக்குநர் பாரதிராஜா தன் பெயரிலேயே வேண்டுகோள் விடுத்தார். 19-ம் தேதி முரளிதரனே விலகிக்கொள்ளச் சொல்லி அறிக்கை விட, நடிகரும் நன்றி வணக்கம் சொல்லி ஒதுங்கினார். அதன் பிறகுதான் அவருடைய மகளைக் குறிவைத்து ட்விட்டரில் பாலியல் மிரட்டல் வந்தது. சென்னை சைபர் கிரைம் போலீஸார் வழக்குப் பதிந்தனர். ‘மக்கள் கோபம் கொஞ்சம் எல்லை மீறிவிட்டது’ என்று இதற்குச் சமாதானம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கோரிக்கை நிறைவேறினால் கோபம் தணியும். தணியாமல் குழந்தையின் பக்கம் திரும்பியது வேறொன்று. அதற்கு ஈழம் ஒரு சாக்கு மட்டுமே.

ஜல்லிக்கட்டுப் போராட்டம் சூடுபிடித்த 2017 ஜனவரியிலும் இதுவே நடந்தது. ஜல்லிக்கட்டை எதிர்த்த பீட்டா விலங்குரிமை அமைப்புக்கு ஆதரவாக இருந்தவர் என்பதற்காக, நடிகை திரிஷா எய்ட்ஸ் நோயால் இறந்துவிட்டதாக ஒரு ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் செல்போன்களில் சுற்றியது. திட்டக்குடி, விருத்தாசலம் சுவர்களில் நாம் தினமும் பார்க்கும் அதே அஞ்சலி போஸ்டரின் பாணி. காளையைப் பற்றி அதில் என்ன வாதம் இருக்கிறது? பெண் என்றால் ஒழுக்கத்தைத் தொட்டுத்தான் அடிக்க வேண்டும் என்ற பழைய வழக்கம்தான் இருக்கிறது. 2005-ல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிச் சொன்ன கருத்துக்காக 23 வழக்குகள் போட்டார்கள். அதுவும் அநியாயம்தான். ஆனால் புகார் கொடுத்தவர்களுக்குப் பெயரும் விலாசமும் இருந்தன. 2010-ல் உச்ச நீதிமன்றத்தால் எல்லா வழக்குகளையும் ரத்து செய்து பதில் சொல்ல முடிந்தது. அஞ்சலி போஸ்டருக்கு யாரிடம் போய்ப் பதில் சொல்வது?

கோடிகளில் சம்பாதிப்பவர்கள் இதையும் தாங்கத்தான் வேண்டும் என்பார்கள். படம் மோசம் என்ற விமர்சனத்தைத் தாங்கட்டும்; மகள் மீதான மிரட்டல் எந்தச் சம்பளத்தில் அடக்கம்? கொரியாவில் இணைய வசைக்கு ஆளான பாடகி சல்லி 2019 அக்டோபரில் 25 வயதில் இறந்தார். அடுத்த மாதமே அவருடைய தோழி கூ ஹாராவும். டாம், நேவர் என்ற இரு பெரிய இணையதளங்களும் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கருத்துப் பகுதியை மூடின. பேச்சுரிமை அதனால் செத்துவிடவில்லை. வசையும் ஒழியவில்லை, யூடியூபுக்கு இடம் மாறியது. ஆகவே கதவடைப்பு மட்டும் போதாது. கொரியாவைவிட நமக்கு ஒரு வசதி உண்டு. நம் ரசிகர் மன்றங்களுக்கு ஊர் தோறும் தலைவரும் செயலாளரும் இருக்கிறார்கள். ரத்ததானத்துக்கு ஒரே நாளில் ஆள் திரட்டுகிறவர்கள். 2019 ஜூலையில் உயிரோடு இருந்த நடிகர் விஜய்க்கு ட்விட்டரில் இரங்கல் ஹேஷ்டேக் டிரெண்ட் செய்தார்களே, அப்படி இன்னொன்று கிளம்பும்போது, ‘எங்கள் மன்றத்தில் இதைப் பகிர்பவனுக்கு இடமில்லை’ என்று அந்த மன்றத் தலைவர்கள் பெயர் போட்டு அறிவிக்க வேண்டும்.