நகராத வெளிச்சம்... பறக்கும் தட்டா, விமானமா?

இரவு எட்டு மணி. தூத்துக்குடி கடற்கரையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கிழக்கே கடலுக்கு மேல் பளீரென்று ஒரு வெளிச்சம். நகரவில்லை, சத்தமும் இல்லை. சில நிமிடங்கள் அப்படியே நின்றுவிட்டு, சட்டென்று காணாமல் போகிறது. ‘பறக்கும் தட்டோ?’ என்று கை தானாக செல்போனைத் தேடும்.

பதற வேண்டாம். அது பெரும்பாலும் விமானம்தான்!

தரையிறங்க வரும் விமானத்தின் முன்விளக்குகள் மிகவும் பிரகாசமானவை. பல கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். விமானம் நம்மை நோக்கி நேராக வரும்போது இடப்பக்கமோ வலப்பக்கமோ நகராது. அதனால் நிற்பதுபோலவே இருக்கும். அந்தப் பிரகாசத்தில் இறக்கைகளும் சிறிய விளக்குகளும் கண்ணுக்குத் தெரியாது. தூரம் அதிகம் என்பதால் சத்தமும் கேட்காது. விமானம் திரும்பியதும் விளக்கும் வேறு திசைக்குத் திரும்பிவிடும். நமக்கோ அது ‘மாயமாக மறைந்தது!’

வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. இனி இப்படிப்பட்ட வெளிச்சங்கள் இன்னும் அதிகமாகக் கண்ணில் படலாம்.

கண்ணும் காற்றும் செய்யும் வேலை

இருட்டில் ஒற்றைப் புள்ளியை வெறித்துப் பார்த்தால், நிற்கும் புள்ளிகூட நகர்வதுபோல் தோன்றும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லாததால் மூளை ஏமாறுகிறது.

காற்றும் தன் பங்குக்கு ஏமாற்றும். நண்பகலில் உப்பளத்துப் பக்கம் கானல் நீர் தெரிகிறதே, அதே காரணம்தான். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக இருக்கும்போது ஒளி வளைந்து வருகிறது. அதனால் தொலைவில் உள்ள கப்பல் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும். அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரம் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறி மினுக்கும்.

ராணுவமே ஏமாந்தது!

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் மர்ம வெளிச்சங்களை நம் ராணுவ வீரர்கள் 329 முறை பார்த்துக் குறித்துவைத்தார்கள். சீனாவின் உளவு விமானங்களாக இருக்குமோ என்று சந்தேகம். கடைசியில் பெங்களூரு இந்திய வானியற்பியல் மைய விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொன்ன பதில்: அவை வெள்ளியும் வியாழனும்!

சிரிக்கும் விஷயமல்ல இது. எல்லையில் ஒரு தவறான கணிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும்?

கடலில் இது உயிர்ப் பிரச்னை

வானத்தில் நகராத வெளிச்சம் வேடிக்கை. கடலிலோ அது ஆபத்து. இரவில் மீன்பிடிக்கும் படகிலிருந்து பார்க்கும்போது, தூரத்துக் கப்பலின் விளக்கு ஒரே திசையில் நின்றபடி வரவரப் பிரகாசமானால், அந்தக் கப்பல் படகின் மீது மோதும் பாதையில் வருகிறது என்று அர்த்தம். ‘நிற்கிறது’ என்று நினைத்து அசந்தால் விபத்துதான்.

இதற்காகத்தான் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. சிவப்பு மட்டும் தெரிந்தால் கப்பல் நமக்கு இடப்பக்கமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கமாக. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம்மை நோக்கி! விமானத்தின் இறக்கைகளிலும் இதே ஏற்பாடுதான். கப்பலைப் பார்த்து விமானம் கற்றுக்கொண்ட பாடம் இது.

எனவே, அடுத்த முறை மர்ம வெளிச்சம் தெரிந்தால்:

* விளக்குக் கம்பம் போன்ற அசையாத பொருளுக்கு நேராக வைத்துப் பாருங்கள். உண்மையில் நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

* பத்து நிமிடம் பொறுங்கள். விமானம் என்றால் சிவப்பு, பச்சை, மினுக்கும் விளக்குகள் தாமாகவே வெளிப்படும்.

* விமானங்களின் நகர்வைக் காட்டும் ஆப்பில் சரிபாருங்கள்.

* அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று யோசியுங்கள்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து அந்தி நேரத்தில் ராக்கெட் கிளம்பினால், உயரத்தில் அதன் புகை மீது சூரிய ஒளி பட்டு வானமே ஜொலிக்கக்கூடும். அன்று இந்தக் கரையில் யாராவது ‘பறக்கும் தட்டு!’ என்று கத்தினால், விளக்கம் சொல்ல நீங்கள் தயார்தானே?